வாய்மையின் விலை: சாரதியின் மருத்துவச் சான்றிதழ் பற்றி ஓர் அறவியல் நோக்கு

அறவியல் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் பெரிய வினாக்களையே எடுத்துக்கொள்வர். போர் ஒருபோதேனும் நீதியாகுமா, அரசு ஓர் உயிரைப் பறிக்கலாமா, பஞ்ச காலத்திற் களவு குற்றமாகுமா என்பன போன்ற வினாக்கள் நம் மன்றங்களிலே பலகாலும் விவாதிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குச் செயலால் விடையளிக்க வேண்டிய கட்டாயம் நம்மிற் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருவதில்லை. அச்சிட்ட படிவம் ஒன்றில் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு சொற்களுள் ஒன்றைத் தெரிந்து அடையாளமிடும் கணமோ எல்லோர்க்கும் வருவது. பஸ், லொறி முதலியவற்றைக் கூலிக்கு ஓட்டுவோர், தாம் அத்தொழிலுக்கு ஏற்ற உடல்நலம் உடையவர் என்று காட்டுதற்குப் பெறும் மருத்துவச் சான்றிதழையும், அதற்காக நிரப்பப்படும் படிவத்தையும் முன்வைத்து, அக்கணத்தைப் பற்றிச் சில சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் சிறிதென்று வாசகர் முகஞ்சுளித்தல் வேண்டா. இக்கட்டுரையைப் படிப்போரில் அநேகர் இன்று காலையிலேயே அத்தகைய சான்றிதழ் ஒன்றை நம்பித் தம் உயிரை ஒப்படைத்து வந்தவராவர்.

இலங்கையில் மோட்டார் வாகனப் போக்குவரத்து 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் வழி ஒழுங்குபடுத்தப்பட்டு வருகின்றது. சாரதிகளின் உடல்நலத்தைச் சோதித்துச் சான்றளித்தற்கென 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் என்றோர் அமைப்பு உண்டு. அதன் தலைமையகம் நுகேகொடையில் உள்ளது. கனரக வாகனம் ஓட்டுவோர் நான்காண்டுக்கொருமுறை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டியவர். ஐக்கிய அமெரிக்காவில் மாநில எல்லை கடந்து பாரவண்டி ஓட்டுவோர்க்கு இச்சான்றிதழ் ஆகக்கூடியது இருபத்துநான்கு மாதங்களுக்கே செல்லும். அங்கு குருதியமுக்கம் 180க்கு 110 என்ற அளவை எட்டியவர் அது தணியும்வரை வண்டியோட்டத் தகுதியற்றவர். 140க்குக் கீழிருப்பவர்க்கு முழுக்காலத்துக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஐந்தடி தொலைவில் நின்று மெல்லிய குரலிற் கூறுஞ் சொல்லைச் செவி கேட்டல் வேண்டும். இங்ஙனம் நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடினும் அடிப்படை ஒன்றே. பிறருயிரைச் சுமந்து செல்வோன் தன்னுடலை மற்றவர் சோதிக்க ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதே அது. இவ்வடிப்படையை மறுப்பார் எவருமிலர், நானும் மறுக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கண்ணின் கூர்மையை எழுத்துப் பலகையால் அளக்கலாம். குருதியமுக்கத்தைக் கருவியால் அளக்கலாம். ஆனால், ஒருவர் சென்ற வைகாசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு கணம் நினைவிழந்தாரா, இளமையில் வலிப்பு வந்ததுண்டா, மூன்று மணி நேரம் ஓட்டியதும் கண் இருண்டு வருகின்றதா என்பவற்றை அளக்குங் கருவி அந்த அறையில் இல்லை. அவை யாவும் சாரதியின் வாயிலிருந்தே வரவேண்டும். வீதியில் மிகக்கொடிய ஆபத்தை விளைப்பவையோ அளக்கக்கூடிய குறைகளல்ல; இந்த அளக்கமுடியாத குறைகளே. பார்வை சற்று மங்கியவர் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார். நினைவிழந்தவர் எதனையும் குறைக்கமாட்டார். ஆகவே மருத்துவச் சான்றிதழ் எனப்படுவது, அதன் மிக முக்கியமான பகுதியில், மருத்துவரின் கையொப்பத்தைத் தாங்கிய சாரதியின் வாக்குமூலமே எனலாம். அவ்வாக்குமூலம் அவருக்கு எதிரானது. நீதிமன்றிற் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக்கூடத் தமக்கெதிராகச் சாட்சி கூறுமாறு நாகரிகமுள்ள சட்டங்கள் வற்புறுத்துவதில்லை. சாரதியை நாம் வற்புறுத்துகின்றோம். அதற்கு நியாயமுண்டு; ஆயினும், நாம் கேட்பது எத்தன்மைத்து என்பதை மறந்துவிடலாகாது.

வாக்குமூலம் பொய்த்தால் விளைவது யாது என்பதற்குத் தொலைவில் எங்குஞ் செல்லாமலே உதாரணம் காட்டலாம் என்று சிலர் கூறக்கூடும். நம் நாட்டு விபத்துக்களின் காரணங்கள் பொதுமக்களறிய முழுதும் ஆராய்ந்து வெளியிடப்படுவது அரிதாகலின், முறையாக விசாரித்துப் பதிவு செய்யப்பட்ட இரு பிறநாட்டு நிகழ்ச்சிகளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னதாக, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மாநகரசபையின் குப்பை லொறி ஒன்று கடைவீதியில் நடைபாதை மீதேறி ஓடியது. ஆறு பேர் இறந்தனர். சாரதி வண்டியோட்டிக்கொண்டிருக்கையிலேயே நினைவிழந்திருந்தார். மறு ஆண்டு நடந்த விசாரணையில், அவர் 2010இல் ஒரு பஸ் கம்பனியில் வேலை செய்தபோது, நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் ஆசனத்திலேயே ஒருமுறை மயங்கியவர் என்பதும், அந்நிகழ்ச்சியை நிகழ்ந்தவாறே மருத்துவர்க்குக் கூறாது மாற்றிக் கூறினார் என்பதும், பின்னர் மாநகரசபையில் வேலைக்கு விண்ணப்பித்த போதும் அதனை மறைத்தார் என்பதும் வெளிவந்தன. அவர் உண்மை கூறியிருப்பின் அவ்விபத்து நேராமலிருந்திருக்கலாம் என்று விசாரணை நடத்திய நீதிபதி முடிவுசெய்தார்.

மற்றையது அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிகழ்ந்தது. 1999ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி, அன்னையர் தினத்தன்று, முதியோர் பலரை உல்லாசப் பயணம் ஏற்றிச்சென்ற பஸ் வீதியை விட்டு விலகிக் கரையில் மோதியது. பயணிகள் இருபத்திரண்டு பேர் மாண்டனர். சாரதி கடுமையான இருதய நோயும் சிறுநீரக நோயும் உடையவர். முந்திய இரவும் மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். எனினும் அவரிடம் செல்லுபடியான மருத்துவச் சான்றிதழ் இருந்தது. அந்நாட்டுத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, சாரதியின் களைப்பு, அவர் உட்கொண்ட மருந்து, கஞ்சா ஆகியவற்றையும் துணைக் காரணங்களாகச் சுட்டிற்று. ஆயினும் முதன்மைக் காரணத்தைக் கூறுமிடத்துச் சாரதியின் நோயோடு நில்லாமல், அந்நோயைக் கண்டு அவரை விலக்கத் தவறிய சான்றளிப்பு முறையையும் சேர்த்தே கூறிற்று. இது மனங்கொள்ளத்தக்கது. அறநூலார் எளிதிற் செய்யாத ஒன்றை ஒரு விபத்து விசாரணைச் சபை செய்துள்ளது: குற்றத்தை ஒருவர் தலையில் முழுதும் இறக்கிவைக்க அது மறுத்துவிட்டது.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டியவனாக உள்ளேன். இப்பொருளைப் பற்றி ஒரு நடுநிலையாளனாக எழுதும் உரிமை எனக்கில்லை. என் தாயின் தமையனார் லொறிச் சாரதியாக இருந்தவர். ஏ9 வீதி 2009இல் மீண்டும் திறக்கப்பட்டபின், தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவோடிரவாக மரக்கறி ஏற்றிவருவது அவர் தொழில். லொறி அவருடையதன்று, ஒரு நடைக்கு இவ்வளவென்று கூலி. நடை தவறினால் கூலியில்லை. அவருக்கு நீரிழிவு இருந்தது. மருத்துவர் இன்சுலின் ஏற்றச் சொன்னார். ஊசி ஏற்றத் தொடங்கினால் அனுமதிப்பத்திரம் போய்விடும் என்று மாமா நம்பினார். சட்டம் உண்மையில் அவ்வாறுதான் கூறுகின்றதா என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்பதே ஒப்புக்கொள்வதாகிவிடும் என்பது அவர் அச்சம். ஆகவே மாத்திரையோடு காலந்தள்ளினார்.

வடக்கு நோக்கி வரும் வாகனமெதுவும் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமற் போவதில்லை என்பதை ஏ9 வீதியிற் பயணஞ்செய்தோர் அறிவர். இறங்கித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் மேலே செல்வர். மாமா முப்பது ஆண்டுச் சாரதி. அக்கோயிலில் நிறுத்தாமல் ஒருநாளும் வந்தவரல்லர். ஓரிரவு கிளிநொச்சிக் கடைத்தெரு வெளிச்சத்தைக் கண்டபின்தான் முறிகண்டி கடந்துபோனதே அவருக்குத் தெரிந்தது. மாங்குளத்துக்கு இப்பால் வந்த வழி எதுவும் நினைவிலில்லை. உடல் வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. சீனிபோட்ட தேநீர் குடித்தபின் தெளிந்தார். அதை வீட்டுத் திண்ணையிலிருந்து எனக்குச் சொன்னபோது, "பிள்ளையார்தான் ஓட்டிக்கொண்டு வந்தவர்" என்றார்.

அதற்குப் பின் சில மாதங்களில் அவர் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவேண்டி வந்தது. நான் விடுமுறையில் வீடு வந்திருந்தேன். படிவத்தை என்னிடந்தான் தந்தார். நீரிழிவு உண்டா என்ற வினாவும் நினைவு தப்பியதுண்டா என்ற வினாவும் வந்தபோது நான் எழுதுகோலை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லை எண்டு போடு, தம்பி" என்றார். போட்டேன். என் விடுதிச் செலவில் ஒரு பங்கு அந்த லொறியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதனாலேதான் போட்டேன் என்று கூறமாட்டேன். அது அப்பொழுது என் நினைவில் இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. மூத்தவர் ஒருவர் தம் படிவத்தில் என்ன எழுதுவதென்று சொல்ல, நான் எழுதினேன்; அவ்வளவே. அதன்பின் மூன்றாண்டு அவர் ஓட்டினார். கண்ணின் உள்ளே குருதி கசிந்து பார்வை கெட்டபின்தான் நிறுத்தினார். ஒரு விபத்தும் நேரவில்லை.

இனி, மெய்யியலாளர் இதைப் பற்றி என்ன கூறுவர் என்று நோக்குவோம். இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட நூலில் ஓர் உதாரணம் தருகின்றார். வறுமையுற்ற ஒருவன், திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிந்துகொண்டே, கொடுப்பேன் என்று வாக்குறுதியளித்துக் கடன் வாங்குகின்றான். எல்லோரும் இவ்வாறு செய்யலாம் என்பதை ஒரு பொதுவிதியாக்கினால், வாக்குறுதி என்பதே பொருளற்றுப்போகும்; அவன் பொய்யும் பயன்தராது. சாரதிக்கு இது அப்படியே பொருந்தும். எல்லாச் சாரதிகளும் நோயை மறைப்பரேல் சான்றிதழ் வெற்றுத்தாளாகும். வெற்றுத்தாளைப் பெறுதற்கு ஒருவர் பொய்கூற வேண்டியதுமில்லை. எனவே மாமாவின் பொய், பிறர் உண்மை கூறுவர் என்ற நம்பிக்கையின் மீது ஏறிநின்ற பொய். கான்றின் இத்தீர்ப்பை மறுக்க என்னால் இயலவில்லை. ஆனால் கடன் கொடுத்தவன் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வறியவன் உண்மை கூறின் ஒருவரும் கடன் கொடார் என்ற நிலைமை எங்ஙனம் வந்தது என்று அவர் கேட்பதுமில்லை.

திருவள்ளுவரிடம் வேறொரு நோக்கு உண்டு. வாய்மைக்கு அவர் இலக்கணங் கூறுமிடத்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைத்தலை அளவுகோலாகக் கொள்ளாமல், பிறர்க்குத் தீங்கு பயவாமையையே கொள்கின்றார். குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அவர் கருத்து. இதனை வைத்துச் சாரதியின் பொய்யைக் காப்பாற்றலாம் என்று எண்ணுவோர் சற்று நிதானித்தல் வேண்டும். குடும்பத்துக்கு நன்மை பயந்ததென்பது உண்மை. ஆனால் அந்நன்மை குற்றமற்றதன்று. எதிரே வரும் வாகனத்திலுள்ளோரின் உயிரை அவரறியாமற் பணயமாக வைத்துப் பெற்றது. உயிரைக் கொல்லாமையை முதலறமாகவும் பொய்யாமையை அதற்கடுத்ததாகவும் வரிசைப்படுத்தியவர் வள்ளுவர். இப்படிவத்திலோ இரண்டறமும் ஒரே கோட்டில் வந்து சந்திக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைக் காக்க வழியில்லை. இன்னுமொன்று இங்கு சிந்திக்கற்பாலது. வாய்மை என்னும் அதிகாரம் துறவறவியலிலே வைக்கப்பட்டுள்ளது. அதற்கு உரையாளர் காட்டும் காரணங்கள் எவ்வாறாயினும், துறவிக்கு இழக்க ஒரு தொழிலில்லை, காத்திருக்கும் பிள்ளைகளில்லை என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. நாம் லொறிச் சாரதியிடம் கேட்பது துறவியின் வாய்மையை.

1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் இருவர் அறத்திலும் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்ற வினாவை எழுப்பி இரு கட்டுரைகள் எழுதினர். இருவருமே லொறிச் சாரதியை உதாரணங்காட்டுவது நம் பொருளுக்கு எதிர்பாராத பொருத்தமாக அமைந்துள்ளது. தடைக்கருவியை நெடுநாள் சோதிக்காத சாரதி ஒருவரை நேகல் கற்பனை செய்கின்றார். வீதியில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவரின் அவர் அப்பிள்ளையின் மரணத்துக்குப் பொறுப்பாளி. ஓடிவராவிடின் சிறு கவனக்குறைவுக்கு மட்டும் பொறுப்பாளி. சாரதி செய்தது இரண்டிலும் ஒன்றே. கிளாஸ்கோ சாரதி எழுதிய 'இல்லை'யும் என் மாமாவுக்காக நான் எழுதிய 'இல்லை'யும் வேறுவேறு சொற்களல்ல. அங்கே லொறி கடைவீதியிற் சென்றது. இங்கே நள்ளிரவில் மாங்குளத்துக் காட்டினூடே சென்றது. ஒருவர் பெயரை உலகம் சபிக்கின்றது. மற்றவர் பேரப்பிள்ளைக்குக் கச்சான் உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றார். பிள்ளையார்தான் ஓட்டினார் என்று மாமா கூறியதும் நேகல் கூறியதும் ஏறக்குறைய ஒரே பொருளையே எனலாம். ஆனால் மாமாவின் கூற்றில் நன்றியுணர்வு உள்ளது. அந்நன்றியே அவர் தம் செயலை மேலும் ஆராயவிடாமற் செய்துவிட்டது.

விளைவை நீக்கிவிட்டுச் செயலை மட்டும் நோக்குவதாயின், நாம் திரும்பிச்செல்ல வேண்டிய இடம் விபத்து நிகழ்ந்த வீதியன்று; படிவம் நிரப்பப்பட்ட மேசை. அம்மேசையைச் சுற்றிச் சாரதி மட்டுமா இருந்தார்?

முதலில் மருத்துவர். நோயாளி மருத்துவரிடம் செல்லுங்கால், இருவரும் நோய்க்கெதிராக ஒரே பக்கத்தில் நிற்பர். வலியைக் கூட்டிச் சொல்வாரன்றி நோயாளி குறைத்துச் சொல்லமாட்டார். சான்றிதழ் பெறச் செல்பவரோ நோயை ஒளிக்கச் செல்கின்றார். மருத்துவர் அங்கு நீதிபதி. ஆனால் அணிந்திருப்பது மருத்துவரின் உடை. நம்பி வந்தவரின் இரகசியத்தைக் காத்தல் என்னும் பழைய மருத்துவ அறம், அந்த அறையில் இல்லாத நூறு பேரின் உயிரோடு மோதுகின்றது. 1976இல் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் ஓர் உளமருத்துவ வழக்கில், மற்றொருவரின் உயிருக்கு ஆபத்து நேருமிடத்து இரகசியங் காக்கும் கடமை பின்தங்கும் என்று தீர்த்தது. பிரித்தானியாவில், நோயை அறிவிக்க மறுத்துத் தொடர்ந்து வாகனமோட்டுபவரைப் பற்றி, அவர் இசையாவிடினும், மருத்துவர் அதிகாரிகட்கு அறிவிக்கலாம் என்பது தொழில்நெறி. இதைக் குறைகூறுவோர் கூறும் நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மருத்துவர் காட்டிக்கொடுப்பார் என்று அறிந்த சாரதி அடுத்தமுறை மருத்துவரிடமே செல்லமாட்டார். மாமா இன்சுலினை மறுத்தது இவ்வாறுதான். வீதியைக் காக்க எழுந்த விதி ஒன்றைப் பற்றிய அச்சமே, மருந்தால் அடக்கக்கூடிய நோயை அடக்கப்படாத நோயாக்கி வீதிக்கு அனுப்பிவைத்தது.

சான்றளிக்கும் மருத்துவரின் சோம்பலைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். எந்த நாட்டிலும் முத்திரையைக் கையிலெடுத்துக்கொண்டே முகத்தைப் பார்க்கும் மருத்துவர் சிலர் உண்டு. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, இதற்கெனப் பயிற்சிபெற்றுத் தேர்வெழுதிப் பதிவுசெய்துகொண்ட மருத்துவ அலுவலர் மட்டுமே சாரதிகட்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று விதித்தனர். நல்ல சீர்திருத்தமே. ஆயினும், பயிற்சிபெற்றவரும் சாரதி வாய்திறந்தாலன்றி முறிகண்டி இரவை அறியமாட்டார்.

அடுத்தவர் லொறியின் சொந்தக்காரர். இவரைப் பற்றிப் பேசுமிடத்து, ஆங்கில மெய்யியலாளரும் கணிதவறிஞருமான கிளிபோர்ட் 1877இல் வெளியிட்ட கட்டுரையின் தொடக்கம் நினைவுக்கு வருகின்றது. கப்பற் சொந்தக்காரர் ஒருவர்க்குத் தம் பழைய கப்பலின் உறுதியில் ஐயமுண்டு. பழுதுபார்த்தாற் பணஞ் செலவாகும். பலமுறை நன்றாகச் சென்று திரும்பிய கப்பல்தானே, கடவுள் காப்பார் என்று தம்மைத் தாமே தேற்றி, இறுதியில் மனப்பூர்வமாகவே அக்கப்பலை நம்பி, குடியேறச் செல்லும் மக்களை ஏற்றி அனுப்பிவிடுகின்றார். கப்பல் நடுக்கடலில் அமிழ்கின்றது. அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்பது அவர் குற்றத்தைக் குறைக்காது. அவ்வாறு நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை என்கின்றார் கிளிபோர்ட். கப்பல் தப்பிப் பிழைத்திருந்தாலும் குற்றம் குற்றமே என்றும் அவர் கூறுகின்றார்.

சென்ற நூற்றாண்டில் எழுதியிருப்பாராயின், கிளிபோர்ட் அந்தச் சொந்தக்காரரின் பெட்டகத்தில் ஒரு சான்றிதழையும் வைத்திருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு. தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் தொல்லை இக்காலத்துச் சொந்தக்காரர்க்கு இல்லை. தாள் அதனைச் செய்துவிடும். சாரதியின் முகம் வெளிறியிருப்பதை அவர் கண்ணாற் காண்கின்றார். தொடர்ந்து நான்கு இரவு அவரை அனுப்புவதும் அவரே. ஆனால், "சான்றிதழ் இருக்கின்றதே" என்ற ஒரு வார்த்தை அவர் கண்ட அனைத்தையும் காணாததாக்கிவிடுகின்றது. அறிவைத் தருதற்கென எழுந்த பத்திரம் அறியாமைக்கு உரிமம் வழங்கும் பத்திரமாக மாறுவது இவ்வாறுதான்.

பயணிகளாகிய நம்மையும் விடுதற்கில்லை. 1958ஆம் ஆண்டு பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. 1979இல் தனியார்க்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. எது நன்றென்ற விவாதத்தில் இங்கு நுழையவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. பெரிய நிறுவனமொன்றிற் பணிபுரியும் சாரதி தகுதியிழந்தால் அவரை அனுப்பிவைக்க ஒரு பண்டகசாலையோ ஒரு நேரக்காப்பாளர் மேசையோ இருக்கக்கூடும். ஒரே ஒரு வண்டியின் அன்றாட வசூலிற் கூலிபெறுபவர்க்கு வண்டிக்கு வெளியே வீதிதான் உண்டு. விடியுமுன் சந்தைக்கு மரக்கறி வரவேண்டும், கட்டணமும் கூடலாகாது என்று கேட்கும் நாம், அந்த விலையில் எது சேரவில்லை என்று கேட்டதில்லை.

குற்றத்தைப் பலர்க்கும் பகிர்ந்தளித்துச் சாரதியைத் தப்பவைக்கும் தந்திரம் இதுவென்று ஒருவர் கூறலாம். அவ்வாறன்று. குற்றம் நெற்குவியல் அன்று, பங்கிட்டாற் குறைவதற்கு. மாமாவின் குற்றம் முழுமையாக அவருடையது; என் கையாற் செய்தது முழுமையாக என்னுடையது. மாங்குளத்தில் அன்றிரவு எதிரே ஒரு முச்சக்கரவண்டி வந்திருக்குமாயின், அதிலிருந்தோர்க்கு அவர் வறுமையைச் சொல்லி ஆறுதல் கூற எவர்க்கும் வாய் எழாது. நான் கூறுவது வேறு. ஒருவரிடம் உண்மையைக் கடமையாகக் கேட்பவர், அவ்வுண்மையைக் கூறியபின் அவர் எங்கு போவார் என்று கேட்கவும் கடமைப்பட்டவர். முன்னதைக் கேட்டுப் பின்னதைக் கேளாது விடும் சமுதாயம் உண்மையை விரும்பவில்லை; கையொப்பத்தை விரும்புகின்றது.

இது வெறுங் கற்பனையன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலிருந்து, இன்சுலின் ஏற்றுபவர் மாநிலங்களுக்கிடையே பாரவண்டி ஓட்ட முழுத்தடை இருந்தது. 2003க்குப் பின் தனித்தனியே விண்ணப்பித்து விலக்குப் பெறலாம் என்றாயிற்று. 2018 நவம்பரில் அத்தடையையே நீக்கினர். இப்பொழுது, சிகிச்சையளிக்கும் மருத்துவர் மூன்று மாதக் குருதிச் சீனிப் பதிவுகளைப் பார்த்து, நோய் கட்டுப்பாட்டில் உள்ளதென்று எழுதிக்கொடுத்தால், ஆண்டுக்கொருமுறை சோதித்துச் சான்றிதழ் வழங்கலாம். இவ்விதி நோயுள்ளவரை அறவே விலக்கவுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவுமில்லை. உண்மை கூறுவதை ஒரு சாரதியால் தாங்கக்கூடிய காரியமாக்கியுள்ளது. வலிப்பும் காரணந்தெரியாத மயக்கமும் உடையவர்க்கு இவ்வழி போதாது. அவர் வண்டியை விட்டிறங்கத்தான் வேண்டும். அவர்க்கு வேறு வேலை தேடிக்கொடுப்பதும், தேடும்வரை சோறிடுவதும் சொந்தக்காரரும் அரசும் பயணிகளும் கூட்டாகச் சுமக்க வேண்டிய செலவு. அச்செலவைக் கட்டணத்திற் சேர்த்தால் மரக்கறி விலை சற்றுக் கூடும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் மாமாவிடம் சென்று கேட்டேன். என்ன இருந்திருந்தால் அன்று 'ஓம்' என்று போடச் சொல்லியிருப்பார் என்பதே நான் கேட்டது. நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "பகலில ஒரு வேலை தாறம் எண்டு ஆரும் சொல்லியிருந்தா" என்றார். சிறிது கழித்து, "நீயும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றார்.

அவர் மகனும் இப்பொழுது அதே வழியில் லொறி ஓட்டுகின்றார். வருகின்ற ஆண்டு அவருடைய அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டும். படிவத்தை நிரப்பித் தரும்படி என்னிடம் சொல்லியிருக்கின்றார். அவர்க்கு நோய் ஏதும் இருப்பதாக நான் அறியேன். இதுவரை கேட்டதுமில்லை.